அது குத்துவிளக்கு இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நியூ ஜெர்சில 16 வருஷமா இருக்கேன், இருந்தாலும் காலைல காபி கையில வந்ததும் உங்க இ-பேப்பர்தான் திறப்பேன். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கிரகப்பிரவேசத்துக்கு என்ன கிஃப்ட் குடுக்கலாம்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, அதுல நாலாவதா டேபிள் மேல வைக்கிற ஃபயர் பிட், அதாவது ஸ்பிரிட் ஊத்தி எரிக்கிற அலங்கார அடுப்பு, சின்ன சிமெண்ட் கிண்ணம், உள்ள கூழாங்கல்லு, நடுவுல அழகா ஒரு தீ, கீழ "வீட்டுக்கு வர்றவங்க அசந்து போவாங்க"ன்னு ஒரு வரி. அதைப் பாத்ததுல இருந்து மனசே சரியில்ல, அதான் எழுதறேன். நீளமா போயிடும், வேணும்னா வெட்டிக்கங்க, ஆனா விளக்கு பத்தி எழுதியிருக்கறதை மட்டும் வெட்டிடாதீங்க.

எங்க பக்கத்து தெருவுல மதுரைக்காரங்க ஒரு குடும்பம், அண்ணா அண்ணின்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு சம்மருக்கு முன்னாடி அவங்க வீட்டு டெக்ல, அதான் வீட்டை ஒட்டி பலகை போட்ட திறந்த திண்ணை, எல்லாரும் உக்காந்திருந்தோம், பசங்க குச்சில மார்ஷ்மெல்லோ குத்தி இதே மாதிரி ஒரு கிண்ணத்துல வாட்டிட்டு இருந்தாங்க. கிண்ணம் சின்னது, அரை மணி நேரம்கூட எரியல, அணைஞ்சு போச்சுன்னு எல்லாரும் நினைச்சோம், சாயங்காலம் ஏழு மணி, இங்க அப்ப நல்ல வெளிச்சம் இருக்கும், அந்த வெளிச்சத்துல ஸ்பிரிட் தீ சில நேரம் கண்ணுக்கே தெரியாது, அண்ணா உள்ள போய் ரப்பிங் ஆல்கஹால், அதான் காயம் துடைக்கிற ஸ்பிரிட், அந்த பாட்டிலை எடுத்துட்டு வந்து சாய்ச்சாரு பாருங்க, புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பாட்டில் வாயில இருந்து தீ நேரா எதிர்ப்பக்கம் பாஞ்சுது. அங்க உக்காந்திருந்தது என் ஃப்ரெண்டு, ஷிஃபான் துப்பட்டா போட்டிருந்தா. ஊத்தின அண்ணாவுக்கு விரல் நுனி சுட்டதோட சரி.

தொடைல இருந்து தோல் எடுத்து கழுத்துலயும் கையிலயும் வச்சாங்க. அப்புறம் தழும்பு தடிக்காம இருக்க மாசக்கணக்குல இறுக்கமா ஒரு துணி உறை, குளிக்கிற நேரம் தவிர கழட்டவே கூடாது. இன்னிக்கும் அவ வீட்ல பர்த்டே கேக் மேல மெழுகுவத்தி கிடையாது.

அப்ப எல்லாரும் சொன்னது ஒண்ணுதான், அண்ணா கொஞ்சம் பாத்து ஊத்தியிருக்கலாம்னு. நானும் அதையேதான் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க சார், எரியற விளக்குல எண்ணெய் ஊத்தறது நமக்கு சின்ன வயசுல இருந்தே பழக்கம். திரி மங்கினா அம்மா கிண்ணில இருந்து நல்லெண்ணெய் விடுவாங்க, தீபம் அணையாம பாத்துக்கறதுதான் பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுத்த வேலையே. அது ஏன் ஆபத்தாகலன்னா நல்லெண்ணெய் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடானாத்தான் அதோட ஆவி பத்திக்கும். ரப்பிங் ஆல்கஹாலுக்கு 20 டிகிரிகூட வேண்டாம், சாதாரண அறை வெப்பத்துலயே பத்திக்கும். பாட்டில் பாதி காலியா இருந்தா உள்ள காத்தும் ஆவியும் கலந்து நிக்குது, ஊத்தும்போது கிண்ணத்துத் தீ அந்த ஆவி வழியா பாட்டிலுக்குள்ள ஏறிடுது, உள்ள வெடிச்ச வேகத்துல மிச்சம் இருக்கற ஸ்பிரிட் எல்லாம் எரிஞ்சுகிட்டே வெளிய பீச்சுது. எதிர்ல யாரு இருக்காங்களோ அவங்களுக்குத்தான். விளக்குக்கு எண்ணெய் விட்டுக் கையெடுத்துக் கும்பிடற பழக்கம் ஒண்ணு, ஸ்பிரிட்டை மறுபடி ஊத்துன்னு இந்த சாமான் கேக்கற பழக்கம் வேற ஒண்ணு, பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி தெரியுது, அதான் பயமா இருக்கு.

இது எங்க டெக்ல மட்டும் நடந்ததும் இல்ல. அமெரிக்காவுல நுகர்வோர் பொருள் பாதுகாப்பு கமிஷன்னு ஒண்ணு இருக்கு, அவங்க 2024 டிசம்பர்ல நேரடியாவே சொல்லிட்டாங்க, திறந்த கிண்ணத்துல ஸ்பிரிட்டை ஊத்தி அதே இடத்துல பத்த வைக்கிற மாதிரி ஃபயர் பிட் எதையும் வாங்காதீங்க, வச்சிருந்தா உடனே நிறுத்துங்கன்னு. 2019ல இருந்து 2 பேர் செத்திருக்காங்க, குறைஞ்சது 60 பேருக்கு காயம். அந்த தீ 1,600 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுமாம், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 870 செல்சியஸ், ஒரு செகண்டுகூட வேண்டாம் தோலோட முழு ஆழத்துக்கும் வேக. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கோல்சன்ங்கற பிராண்டு கிண்ணம் சுமார் 89,500 திரும்பப் பெறப்பட்டுது, 31 புகார், 19 பேருக்கு தீக்காயம், அதுல ரெண்டு சம்பவத்துல உடம்புல 40 சதவீதத்துக்கு மேல வெந்துபோச்சு. 40 டாலருக்கும் 90 டாலருக்கும் ஆன்லைன்ல வித்த சாமான் அது.

எனக்கு கோபம் எங்கன்னா இது தெரியாம நடந்ததில்ல. 2011லயே இதே நாட்டுல பாட்டில்ல ஊத்தற ஜெல் எரிபொருள், அதுவும் இதே மாதிரி அலங்கார தீக்குத்தான், 20 லட்சம் பாட்டில் போல திரும்ப வாங்கினாங்க, அப்பவும் 2 சாவு, 34 பேர் ஆஸ்பத்திரில. எரியும்போது மறுபடி ஊத்தினதுதான் அப்பவும் விவகாரம். ஆஸ்திரேலியாக்காரன் 2017ல சட்டமே போட்டுட்டான், தனியா நிக்கிற ஸ்பிரிட் அடுப்புன்னா குறைஞ்சது 8 கிலோ வெயிட், 900 சதுர சென்டிமீட்டர் அடிப்பாகம் இருக்கணும்னு, அதனால டேபிள் மேல வைக்கிற குட்டிக் கிண்ணத்தை அங்க தானாவே விக்க முடியாமப் போச்சு. அண்ணா ஊத்தின அந்த பாட்டில் வாயில ஒரு சின்ன கம்பி வலை இருந்திருந்தா தீ உள்ள ஏறியிருக்காது, 1815ல நிலக்கரி சுரங்கத்துக்கு ஹம்ப்ரி டேவிங்கற விஞ்ஞானி பண்ணின விளக்குல இருக்கற அதே வலை சார், ஒண்ணும் ராக்கெட் இல்ல. மறுபடி மறுபடி ஊத்தியே ஆகணும்னு ஒரு சாமானைப் பண்ணிட்டு, தீ தெரியாத ஒரு திரவத்தை அதுல ஊத்தச் சொல்லிட்டு, அட்டைப் பெட்டி ஓரத்துல எறும்பு சைஸ் எழுத்துல "அணைஞ்சதும் ஊத்தவும்"னு போட்டா போதுமா?

போதாதுன்னுதான் இங்க வக்கீலும் சொன்னாரு. டிசைனே தப்பு, எச்சரிக்கையும் சரியில்லன்னு ரெண்டு வழில கேஸ் போடலாம், நியூ ஜெர்சில 2 வருஷத்துக்குள்ள போடணும். ஊத்தினவர் மேல எவ்ளோ தப்பு, சாமானைப் பண்ணினவன் வித்தவன் மேல எவ்ளோன்னு ஜூரி பிரிப்பாங்க, சும்மா உக்காந்திருந்தவ மேல என்ன தப்பு சொல்ல முடியும். ஆனா அவர் கேட்ட முதல் கேள்வி, கிண்ணம் எங்க, பாட்டில் எங்க? அண்ணி அன்னிக்கு ராத்திரியே அழுதுகிட்டே டெக்கைக் கழுவி எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டாங்க. பாவம், வேற யாரா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பாங்க. ஆனா உங்க வாசகர்கள் யாருக்காவது இப்படி ஆச்சுன்னா, கருகினதைக்கூடத் தூக்கிப் போடாதீங்க, பில்லு, பெட்டி, விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வைங்க. வித்தவன் பேரைத் தேடினா இங்கிலீஷ் எழுத்தை யாரோ கொட்டிக் கலக்கின மாதிரி ஒரு பேரு, அட்ரஸ் இல்ல.

இன்னொரு பக்கம் இருக்கு, வெளிய சொல்ல கூச்சம். இங்க வீட்டு இன்சூரன்ஸ்லயே விருந்தாளிக்கு அடிபட்டா குடுக்கறதுக்குன்னு ஒரு பகுதி உண்டு, அதைக் கேக்கறதுக்கும் அண்ணா பேர்லதான் க்ளெய்ம் போடணும். உடனே நம்மாளுங்க, அவங்க வீட்டு உப்பைத் தின்னுட்டு அவங்க மேலயே கேஸான்னு ஆரம்பிச்சுட்டாங்க. ஆறு மாசம் ரெண்டு வீடும் பேசிக்கல. கடைசில அண்ணாவே வந்து போடும்மா, அதுக்குத்தானே வருஷா வருஷம் கட்டறேன்னு சொன்னாரு. மீதி இன்னும் நடந்துட்டு இருக்கு, அதனால மேல எழுத மாட்டேன்.

நம்ம ஊர்லயும் 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல சாமானைப் பண்ணினவன், வித்தவன் ரெண்டு பேர் மேலயும் பொருள் பொறுப்புன்னு, அதாவது சாமானோட குறையால அடிபட்டதுக்கு நஷ்டஈடு கேக்க வழி இருக்கு, அங்கயும் 2 வருஷம்தான் கெடு, சந்தேகம்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம். சுட்ட இடத்துல 20 நிமிஷம் குழாய்த் தண்ணி, பேஸ்ட்டும் இங்க்கும் வேண்டாம், அவ்ளோதான்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல, அதே சைஸ்ல, அந்த நாலாவது சாமானை வாங்காதீங்கன்னு ஒரு வரி போடுங்க சார், அதுக்குத்தான் இவ்ளோவும். கோயம்புத்தூர்ல என் தங்கச்சி உங்க பக்கத்தைப் பாத்துட்டு ஆர்டரே போட்டுட்டா, நான் போன்ல கத்தினப்புறம் ரிட்டர்ன் குடுத்தா. ஏன் திருப்பறீங்கன்னு கேட்ட லிஸ்ட்ல ஆபத்தான சாமான்னு ஒரு வரியே இல்லையாம், "கலர் பிடிக்கல"ன்னு டிக் பண்ணியிருக்கா.

இப்படிக்கு
உங்கள் வாசகி, எடிசன், நியூ ஜெர்சி