குழந்தைக்குத் தன் வேர் தெரிய வேண்டாமா?

ஆசிரியருக்கு,

விந்தணுக் கொடை என்றாலே 'பாவம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சை முடித்துக்கொள்ளும் கிறிஸ்தவர்களைப் பார்க்கிறேன். என் மனம் ஒப்பவில்லை. 1987இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், மூன்றாம் நபரின் உயிரணு திருமண ஒன்றிப்பைக் குலைக்கிறது என்றது. கணவன் மனைவியின் சொந்த அணுக்களால் செய்யும் சோதனைக்குழாய் முறையையும் ஏற்கவில்லை. ஆனால், எவ்வழியில் பிறந்தாலும் குழந்தை இறைவனின் கொடையே, அன்போடு வளர்க்கப்பட வேண்டும் என்று அதே ஆவணம் சொல்வதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புராட்டஸ்டண்ட் சபையினர் பலர், தம்பதியரின் சொந்த அணுக்கள் என்றால் சிகிச்சையை ஏற்கிறார்கள்.

என்னை உறுத்துவது கொடையாளரின் பெயரை மறைப்பதுதான். தந்தை யார் என்று பிள்ளை கேட்கும் நாளில் பொய் சொல்வது எப்படி அறமாகும்? சுவீடன் 1985லேயே சட்டம் கொண்டுவந்து, கொடையாளர் யார் என்று அறியும் உரிமையை வளர்ந்த பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டது.

விவிலியத்தில், பிள்ளை வரம் கேட்டு ஆலயத்தில் உதடுகள் மட்டும் அசைய அழுத அன்னாளைக் குடிகாரி என்று நினைத்தார் ஆசாரியர் ஏலி. ஞானஸ்நான ஆராதனையில் கடைசி வரிசையில் கைக்குட்டையைக் கசக்கியபடி அமர்ந்திருக்கும் பிள்ளையில்லாத தம்பதியிடம் போதகர்கள் முதலில் போய் உட்காரட்டும். தீர்ப்பைப் பிறகு பார்க்கலாம்.

— ஒரு வாசகி