நூறு மீட்டர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படகில் சென்று திமிங்கலங்களைக் காண்பது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில், நூறு மீட்டர் விலகி நின்றால் போதும் என்ற ஒரே வரியோடு பாதுகாப்புப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த வரியில் பிழை இல்லை. பல நாடுகளின் விதிகள் கூறுவதும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் அந்த அளவு நீர்ப்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் திமிங்கலத்துக்குத்தான் பொருந்தும். மூழ்கியது எங்கே எழும் என்பதைப் படகிலிருப்பவர் அறிய வழியில்லை.

2024 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் கரையருகே, 23 அடிப் படகொன்றில் இருவர் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, கூன்முதுகுத் திமிங்கலம் ஒன்று வாயைத் திறந்தபடி எழும்பிப் படகின் பின்பகுதியில் விழுந்ததில் படகு கவிழ்ந்தது. நல்லவேளையாக, அருகில் இன்னொரு படகில் இருந்த சகோதரர்கள், கவிழ்ந்த படகிலிருந்த இருவரையும் மீட்டனர். இதைத் தாக்குதல் என்று சொல்வது பொருந்தாது; அது இரை தேடி எழுந்த திமிங்கலம். மீன்பிடிப்பவர் நாடிச் செல்லும் அதே மீன்கூட்டத்தைத் தேடித்தான் அதுவும் வருகிறது. பறவைகள் ஓரிடத்தில் திரண்டு பாய்வதையும் சிறுமீன்கள் துள்ளிச் சிதறுவதையும் கண்டால் தூண்டிலை வீசத்தான் கை துடிக்கும். அவற்றோடு நீரில் குமிழிகள் வளையமாக எழுந்தால், அந்த இடத்தை விட்டு மெதுவாக விலகுவதே அறிவுடைமை. கூன்முதுகுத் திமிங்கலங்கள் மீன்களைக் குமிழி வளையத்துக்குள் அடைத்து, பின் கீழிருந்து வாய்பிளந்து எழுவது வழக்கம்.

தூரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டுதலில் பொதுவாக 100 மீட்டர் என்றிருப்பது, குட்டியுடன் இருக்கும் தாய்க்கு 300 மீட்டராகிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலத்துக்கு அமெரிக்கச் சட்டம் 500 கெஜம், அதாவது சுமார் 460 மீட்டர், கேட்கிறது. ஒரே மூச்சில் சுமார் முக்கால் மணி நேரம் ஆழத்தில் வேட்டையாடும் ஸ்பெர்ம் திமிங்கலம் ஒவ்வொரு முக்குளிப்புக்கும் இடையே மேலே வந்து சில நிமிடங்களே மூச்சு வாங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் படகு நெருங்கினால், போதிய மூச்சு எடுக்காமலேயே அது மீண்டும் மூழ்க நேரிடும்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். திமிங்கலம் தானாக நெருங்கி வந்தால் எஞ்சினை நியூட்ரலில் வைத்து அது கடந்துபோகும்வரை காத்திருக்க வேண்டும். முழுவதும் அணைத்துவிட்டு ஓசையின்றி மிதப்பதுதான் மரியாதை என்று சிலர் எண்ணுகிறார்கள்; நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் பற்களுக்குப் பதில் சல்லடைத் தகடுகள் கொண்ட பெருந்திமிங்கலங்கள், ஓங்கில்களை (டால்பின்களை) போல எதிரொலி கொண்டு வழியறிபவை அல்ல. சத்தமே இல்லாத படகை அவை கவனிக்காமல் போகக்கூடும். அருகில் திமிங்கலம் இருக்கையில் தூண்டில் கயிறுகளைச் சுருட்டிக்கொள்வதும், முன்னால் மறிக்காமலும் பின்னால் துரத்தாமலும் பக்கவாட்டில் மெதுவாகச் செல்வதும் இதோடு சேர்ந்தவை.

வலையில் சிக்கிய திமிங்கலத்தைக் கண்டால் கயிற்றை அறுக்கப் போகாமல், தொலைவில் நின்று மீட்புப் பிரிவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 2017 ஜூலையில் கனடாவில், அனுபவம் மிக்க மீட்பாளர் ஒருவரே திமிங்கலத்தை விடுவித்த கணத்தில் அதன் அடிபட்டு இறந்தார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். நெடுந்தொலைவிலிருந்து நீண்ட லென்ஸால் எடுத்த படத்திலும் திமிங்கலம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். இனி அத்தகைய படங்களை வெளியிடும்போது, எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அடியில் ஒரு வரியாகக் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்