பூட்டுப் படத்தைப் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனில் பாதுகாப்பாக இணையம் பார்ப்பது எப்படி என்று போன வாரம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் தெரிந்தால் அந்தத் தளத்தை நம்பலாம்’ என்ற ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் இருபது வருஷத்துக்கு மேலாக செல்போன் பழுதுபார்ப்பவன். அந்த வரியை நம்பி ஏமாந்தவர்கள் பலர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சமீபத்தில் ஓர் அம்மா போனைக் கொண்டுவந்தார். “எதைத் திறந்தாலும் சிவப்பா ஏதோ எச்சரிக்கை வருதுப்பா, வைரஸா?” என்றார். நான் முதலில் பார்த்தது தேதியை. ஒன்றரை வருஷம் கழித்து வரவேண்டிய தேதி அதில் ஓடிக்கொண்டிருந்தது. விளையாட்டில் ‘உயிர்’ தீர்ந்தால் தேதியைத் தள்ளிவைத்தால் உடனே புது உயிர் கிடைக்கும். பேரன் செய்த வேலை. ‘இது இன்ன பெயருள்ள தளம்தான்’ என்று உறுதி சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ் இணையதளங்களுக்கு உண்டு. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. 2020 செப்டம்பருக்குப் பிறகு கொடுக்கப்பட்ட எதற்கும் 398 நாளுக்கு மேல் ஆயுள் கிடையாது. அந்த போனின் கணக்கில் உலகத்தில் ஒரு சான்றிதழ்கூட உயிரோடு இல்லை. தேதியைச் சரிசெய்தேன், ஒரு நிமிட வேலை.

என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. யாரோ அவரிடம் “எச்சரிக்கையே காட்டாத பிரவுசர் ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க” என்று சொல்லி, அவரும் போட்டு, ஒரு வாரமாக அதில்தான் வங்கிக் கணக்கைப் பார்த்துவந்திருக்கிறார்.

இதில் என்ன ஆபத்து என்று என்னிடம் வேலை பழகும் பையன் கேட்டான். போனும் தளமும் தகவலைப் பூட்ட ஒரு ரகசிய எண்ணை எப்படி உருவாக்கிக்கொள்கின்றன என்று, டிஸ்ப்ளே வந்த அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 7, 23 என்ற இரண்டு எண்களும் ஊரறிந்தவை. நான் மனதுக்குள் 3 என்று வைத்துக்கொண்டேன், அவன் 4. 7ஐ மூன்று முறை பெருக்கினால் (7×7×7) 343. அதை 23ஆல் வகுத்தால் மீதி 21. அதைச் சத்தமாகச் சொன்னேன். அவன் 7ஐ நான்கு முறை பெருக்கி (2401), மீதி 9ஐ மட்டும் சத்தமாகச் சொன்னான். இப்போது அவனுடைய 9ஐ நான் மூன்று முறை பெருக்கினேன்: 729, மீதி 16. என்னுடைய 21ஐ அவன் நான்கு முறை பெருக்கினான் (கால்குலேட்டரில்தான்): 194481, மீதி 16. இரண்டு பேருக்கும் ஒரே எண், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவே இல்லை! பக்கத்தில் இருப்பவர் காதில் விழுந்தது 7, 23, 21, 9 மட்டும். அந்த 21ம் 9ம் பொதுச் சாவிகள், 3ம் 4ம் அந்தரங்கச் சாவிகள். 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்ட வழி இது. நிஜத்தில் நூற்றுக்கணக்கான இலக்கம் கொண்ட எண்கள் வேண்டும். அது சின்ன சாதனத்துக்குச் சுமை. அதனால் போன்கள் இன்று பெரும்பாலும் நீள்வட்ட வளைவு முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் 256 பிட் சாவி, ஆர்எஸ்ஏ என்ற பழைய பொதுச் சாவி முறையின் 3072 பிட் சாவிக்குச் சமமான பலம் தரும்.

பையன் கெட்டிக்காரன். “அண்ணா, நடுவுல ஒருத்தன் உட்கார்ந்து உங்ககிட்ட நான்தான் அவன்னும், என்கிட்ட நான்தான் அவர்னும் சொல்லி, ரெண்டு பக்கமும் தனித்தனியா கணக்குப் போட்டா?” என்றான். அதேதான். அப்போதும் ரகசியம் ரகசியமாகத்தான் இருக்கும்; ஆனால் திருடனோடு பகிர்ந்த ரகசியம். இதைத் தடுக்கத்தான் சான்றிதழ். சர்வர், தான் அனுப்புவதில் தன் அந்தரங்கச் சாவியால் கையெழுத்துப் போடுகிறது. அந்தக் கையெழுத்துக்குரிய பொதுச் சாவி இன்ன பெயருள்ள தளத்துடையதுதான் என்று ஒரு சான்றளிக்கும் நிறுவனம் உறுதி சொல்கிறது. அப்படிப்பட்ட நிறுவனங்களின் பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் தேடிப் பார்த்தால் நூறுக்கும் மேல் பெயர்கள் வரும். இந்தச் சரிபார்ப்பு தோற்றுப்போனால் வருவதுதான் அந்தச் சிவப்பு எச்சரிக்கை. அதைக் காட்டாத பிரவுசர் அந்தச் சோதனையைச் செய்வதே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடும் ஓட்டையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். 2011இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்ற சான்றளிக்கும் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரில் போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். ஈரானில் ஜிமெயில் பார்த்தவர்களை அதை வைத்து ஒட்டுக்கேட்டார்கள். அந்த நிறுவனம் அதே வருஷம் திவாலானது.

டவர் பக்கம் நிலைமை இன்னும் வேடிக்கை. 2ஜியில் போன்தான் டவரிடம் தன்னை நிரூபிக்க வேண்டும். டவர் தன்னை நிரூபிப்பதே இல்லை. அதனால்தான் போலி டவர் வைத்து போன்களை இழுக்க முடிகிறது. 3ஜியிலிருந்து இருபக்கச் சோதனை வந்தது, ஆனால் அது சிம்முக்குள் முன்பே போட்டுவைத்த ரகசியச் சாவியை நம்பியது. பொதுச் சாவி இல்லை. 5ஜியில்தான் சந்தாதாரர் அடையாள எண்ணைச் சேவை நிறுவனத்தின் பொதுச் சாவியால் மறைத்து அனுப்ப வழி செய்தார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் சில போன்களில் 2ஜியை அணைத்துவைக்க செட்டிங் இருக்கிறது. என்னிடம் வரும் போனில் அது இருந்தால் கேட்டுவிட்டு அணைத்துத்தான் கொடுக்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இன்னும் மோசம். வாப் என்ற பழைய செல்போன் இணைய முறையில், போனிலிருந்து இடைக்கணினி வரை ஒரு பூட்டு, அங்கிருந்து சர்வர் வரை வேறொரு பூட்டு. நடுவில் அந்தக் கணினியின் நினைவகத்தில் எல்லாம் திறந்தே கிடக்கும். வாப் 2.0 வந்த பிறகே முனையிலிருந்து முனைவரை ஒரே பூட்டு என்று ஆயிற்று.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். சரியான பூட்டு இருந்தால்கூட, முகவரியில் எழுதியிருக்கும் பெயருக்குரிய சர்வரோடுதான் பேசுகிறீர்கள், நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு பெயரைப் பதிவு செய்தவருக்கும் சில நிமிடங்களில், இலவசமாகவே, சான்றிதழ் கிடைத்துவிடும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுள் 2023இல் குரோமின் முகவரிப் பட்டையிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

ஆகவே அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கூடவே இரண்டு விஷயம் சேர்த்தால் நல்லது: முகவரியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள், சிவப்பு எச்சரிக்கை வந்தால் ‘தொடர்க’வைத் தொடுவதற்கு முன் போனின் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், வெளியே வந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

அந்த அம்மாவின் போனிலிருந்து அந்த பிரவுசரை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றவைத்துத்தான் அனுப்பினேன். பேரனுக்குத்தான் என்மேல் கோபமாம்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்க்கும் ஒரு வாசகன்