முன்பணம் 10,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) முழுமையாகத் திருப்பித் தரக் கோரும் புகார் கடிதம்

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
புதிய கார் விற்பனைப் பிரிவு,
சிங்கப்பூர்.

பொருள்: உறுதி என்று சொல்லி விற்கப்பட்ட சிஓஇ (கார் வைத்து ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ்), தவறாகக் கணக்கிட்ட கடன், திருப்பித் தராத முன்பணம்.

மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் காட்சியறையில் ஒரு புதிய காருக்கு 10,000 வெள்ளி முன்பணம் கட்டியிருக்கிறேன். கார் வரவில்லை, பணமும் வரவில்லை. இன்னும் 9,000 வெள்ளி கட்டினால் கார் வரும், வேண்டாமென்றால் முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம் என்று உங்கள் விற்பனையாளர் சொல்கிறார். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. எனக்கு முழுப் பணமும் வேண்டும். பேச்சுவார்த்தை முழுக்கத் தமிழில்தான் நடந்தது. தமிழ் வாடிக்கையாளர்களைக் கவனிக்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறோம் என்று விளம்பரமும் செய்கிறீர்கள். அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி அட்டையில் குடும்பத்தோடு இங்கே வேலைக்கு வந்தவன். இந்த ஊரில் பேருந்தும் எம்ஆர்டி ரயிலும் இருக்கும்போது கார் எதற்கு என்று பலர் கேட்டார்கள். எங்களுக்கு இரட்டைக் குழந்தைகள், இன்னும் மழலைப் பள்ளிக்குக்கூடப் போகாத வயது. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளைக் காரில் ஏற்றினால் அதற்கென உள்ள இருக்கையில் உட்கார வைக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். டாக்ஸிக்கு அதில் விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் கார்களுக்கு இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக மறுத்துவிட்டுப் போனதை என் மனைவி இன்றும் சொல்லி வருந்துவார். அந்தக் கவலையில்தான் உங்களிடம் வந்தோம். இதையெல்லாம் உங்கள் விற்பனையாளரிடம் முதல் நாளே சொன்னோம். அவரும், “கவலைப்படாதீங்க அண்ணே, அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் ஏத்த வண்டி நான் பார்த்துத் தர்றேன்” என்றார். நம்பினோம்.

அவர் சொன்ன விலை 160,000 வெள்ளி, சிஓஇ உட்பட. இந்த ஊரில் காரின் விலையைவிட அதை 10 ஆண்டு ஓட்டும் உரிமையின் விலைதான் பல நேரம் பெரியது என்பது அதற்குள் எனக்குத் தெரியும். அந்த உரிமைச் சான்றிதழுக்கு மாதம் இருமுறை ஏலம் நடக்கிறது. திங்கட்கிழமை தொடங்கி, வழக்கமாகப் புதன்கிழமை மாலை 4 மணிக்கு முடிகிறது. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவுச் சான்றிதழ் 106,000 வெள்ளிக்குப் போனதைப் படித்திருந்தேன். அதனால் நான் கேட்ட முதல் கேள்வியே, ஏலத்தொகை ஏறினால் என்ன ஆகும் என்பதுதான். “இது கேரண்டி சிஓஇ அண்ணே, ஏறினால் கம்பெனி பார்த்துக்கும், உங்களுக்கு ஒரு வெள்ளிகூட ஏறாது” என்று அவர் சொன்னார். அன்று இரவு வாட்ஸ்அப்பில் மறுபடி கேட்டேன். “கேரண்டிதான் அண்ணே, நிம்மதியா தூங்குங்க” என்று பதில் எழுதினார். அந்தச் செய்தி என்னிடம் இருக்கிறது, நகலை இணைத்திருக்கிறேன்.

அடுத்தடுத்த ஏலங்களில் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும், அடுத்த ஏலத்தில் நிச்சயம் என்றார். பிறகு ஒரு நாள் தொலைபேசியில், கார் விலையில் சிஓஇக்கென்று படிவத்தில் எழுதிய அளவு 95,000 வெள்ளி, ஏலம் அதைத் தாண்டிவிட்டது, 9,000 வெள்ளி கூடுதலாகக் கட்டினால்தான் அடுத்த முறை ஏலம் கேட்க முடியும் என்றார். கேரண்டி என்றீர்களே என்று கேட்டதற்கு, நீங்கள் கையெழுத்துப் போட்டது கேரண்டி இல்லாத ஒப்பந்தம் என்று பதில் வந்தது.

இப்போது படிவத்துக்கு வருகிறேன். ஒப்பந்தப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ‘உறுதி’, ‘உறுதியற்றது’ என இரண்டு கட்டங்கள் உள்ளன. கையெழுத்தான அன்றே நீங்கள் எனக்குத் தந்த பிரதியில் இரண்டும் காலியாக இருக்கின்றன. இப்போது உங்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் வந்த பிரதியில் ‘உறுதியற்றது’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது. அதன் பக்கத்தில் என் கையெழுத்தோ முதலெழுத்தோ கிடையாது. சிஓஇ அளவு என்ற இடத்திலும் அப்படியே: என் பிரதியில் ஒன்றுமில்லை, உங்கள் பிரதியில் 95,000 என்று இருக்கிறது. யார், எப்போது இதை எழுதினார்கள்? இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்லுங்கள். இரண்டு பிரதிகளையும் இணைத்திருக்கிறேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடன் விஷயம் இதைவிட மோசம். விலையில் 70 சதவீதம் கடன், 7 ஆண்டு, மாதம் 1,593 வெள்ளி என்று கணக்குப் போட்டுத் தந்தார் விற்பனையாளர். அதன்படி நான் கையிலிருந்து 48,000 வெள்ளி போட்டால் போதும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதியோ வேறு. ஓஎம்வி எனப்படும் பொதுச் சந்தை மதிப்பு, அதாவது வரிகளும் சிஓஇயும் சேராத இறக்குமதி மதிப்பு, 20,000 வெள்ளி வரை உள்ள காருக்குத்தான் 70 சதவீதம். அதற்கு மேல் போனால் 60 சதவீதம். நீங்கள் எனக்கு விற்ற காரின் ஓஎம்வி 20,000-ஐத் தாண்டியது என்று உங்கள் காட்சியறையில் தொங்கும் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. அப்படியானால் கடன் 96,000 வெள்ளிதான், கையிலிருந்து போட வேண்டியது 64,000 வெள்ளி. 16,000 வெள்ளி வித்தியாசம்! தினமும் கார் விற்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்க முடியாது.

அதோடு முடியவில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் முதல்முறை அதிகபட்சம் 2 ஆண்டுக்குத்தான் தருவார்கள். என் அட்டையை முதல் நாளே பிரதி எடுத்துக்கொண்டீர்கள், அதன் காலாவதித் தேதி உங்கள் கோப்பில் இருக்கிறது. உங்கள் விற்பனையாளர் அனுப்பிவைத்த வங்கியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? குடிமகனோ நிரந்தரவாசியோ ஜாமீன் போட வேண்டும், இல்லையென்றால் அட்டை காலாவதியாகும் முன் கடன் அடைய வேண்டும் என்றார்கள். 96,000 வெள்ளியை 2 ஆண்டுக்குள் அடைப்பதென்றால் வட்டியை விட்டுவிட்டாலும் மாதம் 4,000 வெள்ளி. 1,593 எங்கே, 4,000 எங்கே? ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு ஜாமீன் போட இங்கே யார் இருக்கிறார்கள்? இதைக் கேட்டபோது, “வெளிநாட்டுக்காரங்களுக்கு அப்படித்தான் அண்ணே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்றார். எல்லாருக்கும் தெரிந்ததை முன்பணம் வாங்கும் முன் எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

எனக்கு ஆத்திரம் வந்தது அந்தப் பதிலில்தான். வங்கியின் விதி வங்கியுடையது, ஏலம் ஏறுவது யார் கையிலும் இல்லை. அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த ஒருவர் உங்களிடம் வந்திருந்தால் ஓஎம்வி எவ்வளவு, சிஓஇ உறுதியா இல்லையா என்று அவரே கேட்டு எழுதி வாங்கியிருப்பார், உங்கள் ஆளும் எழுதித் தந்திருப்பார். நானும் கேட்டேன், எனக்கு வாய்ச்சொல் மட்டும் கிடைத்தது. புதிதாக வந்தவன், யாரிடமும் போய் விசாரிக்க மாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிறகு லெங் கீ சாலையில் வேறு காட்சியறைகளில் விசாரித்தேன். என் அட்டையைப் பார்த்ததுமே ஒரு பெண் விற்பனையாளர், முதலில் கடன் கிடைக்குமா என்று வங்கியில் கேட்போம் சார், அதுவரை முன்பணம் வேண்டாம் என்றார். எனக்கு விற்க முடியாமல் போகலாம் என்று தெரிந்தும் அப்படிச் சொன்னார். அப்படியும் இந்தத் தொழிலைச் செய்ய முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

காப்புறுதியைப் பற்றியும் இரண்டு வரி. உங்கள் கணக்கில் 50 சதவீத என்சிடி கழிவு போட்டிருந்தீர்கள். இழப்பீடு கேட்காமல் 5 ஆண்டு இங்கே ஓட்டியவருக்குக் கிடைக்கும் கழிவு அது. எனக்கு ஊரில் அந்த வரலாறு உண்டு. ஆனால் அதை ஏற்பதா வேண்டாமா என்பதைக் காப்புறுதி நிறுவனம்தான் தீர்மானிக்கும், அதற்குப் பழைய நிறுவனத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்திய ஓட்டுநர் உரிமம் போதும் என்றும் சொன்னார்கள். 12 மாதத்துக்கு மேல் தங்கினால் அடிப்படை விதிமுறைத் தேர்வு எழுதி இங்குள்ள உரிமமாக மாற்ற வேண்டும் என்பதை என் அலுவலக நண்பர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நல்ல வேளையாக அதை உரிய காலத்தில் முடித்துவிட்டேன்.

உங்கள் கிளை மேற்பார்வையாளரையும் நேரில் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார், தேநீர் கொடுத்தார். ஆனால் கையெழுத்து உங்களுடையது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். விற்பனையாளரின் வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினேன். அது அவருடைய சொந்தக் கைப்பேசி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது என்றார். முன்பணத்துக்கான வங்கிக் கணக்கு எண்ணும் அதே கைப்பேசியிலிருந்துதான் வந்தது. அந்தச் செய்தியை நம்பி நான் அனுப்பிய பணம் உங்கள் நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்திருக்கிறது. பணம் வாங்கும்போது நிறுவனத்தின் கைப்பேசி, வாக்குக் கொடுக்கும்போது மட்டும் சொந்தக் கைப்பேசியா?

சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக)ச் சட்டம் பொய்யான தகவல் சொல்லி விற்பதை நியாயமற்ற வர்த்தகம் என்கிறது. ஒரு வாடிக்கையாளரால் பரிவர்த்தனையின் தன்மையையோ விளைவையோ சரிவரப் புரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில், அதைச் சாதகமாக்கிக்கொள்வதும் அதே சட்டத்தில் வருகிறது. என் விஷயத்தில் இரண்டும் நடந்திருக்கின்றன என்பது என் நிலைப்பாடு.

எனவே நான் கேட்பவை இவை. முன்பணம் 10,000 வெள்ளியையும் எந்தப் பிடித்தமும் இல்லாமல், பணம் வந்த அதே கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது, என் மேல் எந்தப் பாக்கியும் இல்லை என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் எழுதித் தாருங்கள். என் அட்டையின் பிரதி, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை எல்லாம் உங்கள் கோப்பில் இருக்கின்றன, அவற்றை அழித்துவிட்டதாக உறுதிப்படுத்துங்கள். அப்புறம், இனி வேலை அனுமதியில் வருகிற யாரிடமும் முன்பணம் வாங்கும் முன் ஓஎம்வி, கடன் அளவு, சிஓஇ உறுதியா இல்லையா என்ற மூன்றையும் எழுத்தில் காட்டிக் கையெழுத்து வாங்க உங்கள் விற்பனையாளர்களுக்கு உத்தரவிடுங்கள். கடைசியாகக் கேட்டதால் எனக்கு எந்த லாபமும் இல்லை. ஆனால் என்னுடன் வேலை செய்பவர்களில் சிலர் அடுத்த ஆண்டு குடும்பத்தை அழைத்துவரப் போகிறார்கள், அவர்களும் உங்கள் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் பதிவு செய்வேன். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவேன். அங்கே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நானே எடுத்துச் சொல்லலாம். தொலைபேசியில் பேசித் தீர்க்கலாம் என்று தயவுசெய்து அழைக்க வேண்டாம். எதுவானாலும் ஒப்பந்தப் படிவத்தில் உள்ள என் மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தப் படிவத்தின் இரு பிரதிகள், வாட்ஸ்அப் செய்திகளின் நகல், விற்பனையாளர் எழுதித் தந்த கடன் கணக்கு, வங்கியின் பதில், முன்பணம் கட்டிய ரசீது.