சருகையும் சமையற்கழிவையும் பிரிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

கொழும்பின் பேர வாவி பச்சையாகி நாறும்போதெல்லாம் அதில் குப்பை கொட்டுகிறவர்களைத் திட்டுகிறோம். அந்தப் பச்சைக்குத் தீனி, கழிவுநீரில் கரைந்து வரும் நைதரசனும் பொசுபரசும். வயலில் நெல்லை வளர்க்கிற அதே சத்துகள் வாவியில் நீலப்பச்சை அல்காவை, அதாவது பாசியை, வளர்க்கின்றன. அல்கா செத்து உக்கும்போது நீரிலுள்ள ஒட்சிசன் தீர்ந்து மீன் மிதக்கும். ஒட்சிசன் அற்றுப்போன சேற்றில், இரும்போடு ஒட்டிக் கிடந்த பொசுபரசு கழன்று மறுபடி நீரில் கலக்கும். கழிவுநீர் வரும் வாய்க்காலை அடைத்த பிறகும் வாவி உடனே தெளியாததற்கு இதுவும் காரணம்.

நைதரசனுக்காவது திரும்பி வர வழி உண்டு. காற்றில் 78 சதவீதம் அதுதான். பயறு, அகத்தி வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியா அதைப் பிடித்துச் செடிக்கும் மண்ணுக்கும் தரும். காற்றுவழி திரும்பும் அந்த வசதி பொசுபரசுக்கு இல்லை. கடலில் சேர்ந்தால் அநேகமாகப் போனதுதான். அனுராதபுரம் மாவட்டத்து எப்பாவலப் பொசுபேற்றுப் பாறையில் கிடக்கிறதே என்பார்கள். அந்தப் பாறைத்தூள் நீரில் எளிதில் கரையாது. தேயிலை, தென்னைக்குச் சரி, சில மாதங்களில் அறுவடையாகும் நெல்லுக்குப் போதாது. கடலுக்குப் போனதைக் கரைக்குத் திருப்பும் ஒருசில வழிகளில் மீனும் ஒன்று. சூடைத் தலையையும் முள்ளையும் பொலித்தீனில் முடிந்து எறியும்போது, வீடுவரை வந்த பொசுபரசைத் தொலைக்கிறோம்.

சமையற்கழிவைச் சருகோடு சேர்த்து உக்கவைத்துப் பசளையாக்க, முற்றத்தில் ஒரு பீப்பாய் போதும். அடியிலும் பக்கங்களிலும் பென்சில் நுழையுமளவு துளைகள் இடுங்கள். ஒரு வாளி சமையற்கழிவுக்கு மூன்று வாளி காய்ந்த சருகு; காபன் ஏறக்குறைய 30 பங்கு, நைதரசன் 1 பங்கு என்ற அளவை எட்ட இந்தக் கணக்கு உதவும். மீன்கழிவை நடுவில் புதைத்து ஒரு சாண் சருகால் மூடுங்கள். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி கசிவது சரியான ஈரம். சிரட்டை வேண்டாம், உக்க ஆண்டுக்கணக்காகும்.

மூக்கை எரிக்கும் அமோனியா நெடி வந்தால் நைதரசன் காற்றோடு போகிறது, சருகு போதவில்லை. கூழ்முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை. ஐப்பசி மழையில் மூடியில்லாப் பீப்பாய்க்கு வழக்கமாக நேர்வது இது. கிளறிச் சருகு சேர்த்தால் ஓரிரு நாளில் அடங்கும். நாற்றத்துக்குச் சுண்ணாம்போ சாம்பலோ தூவுவது பெரும் பிழை. காரம் கூடி, மிச்சமிருக்கும் நைதரசனும் அமோனியாவாகக் கிளம்பிவிடும்.

தொடர்மாடிக் குடியிருப்பில் சமையற்கழிவு உண்டு, சருகு இல்லை. வீதியிலோ கூட்டிய சருகு குவிகிறது. சிலர் அதைக் கொளுத்திவிடுகிறார்கள். நைதரசன் புகையோடு போக, சாம்பலில் மிஞ்சும் பொசுபரசை அடுத்த மழை வடிகானுக்குக் கொண்டுபோகிறது. உக்கும் குப்பை எடுக்க வரும் வண்டியிலேயே, கேட்கிற குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு சாக்குச் சருகை இறக்கிக் கொடுக்க மாநகர சபை ஏற்பாடு செய்ய வேண்டும். மாரி மழை தொடங்குமுன் சேர்த்தால்தான் சருகு காய்ந்ததாகக் கிடைக்கும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06