படம் எடுத்தவருக்குப் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட இணைப்பிதழைப் பார்த்தேன். கஜா புயலில் சாய்ந்துகிடக்கும் தென்னந்தோப்பை அரைப் பக்கத்துக்குப் போட்டு, எடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே 'நன்றி: இணையம்'.

யாரென்று பட்டுக்கோட்டையில் எங்கள் தொழிலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாண வேலைகளுக்கு என்னோடு வந்துகொண்டிருந்த இளைஞர் அவர். வலது கீழ் மூலையில் தன் பெயரை எழுதித்தான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டார். உங்கள் பக்கத்தில் அந்த மூலை மட்டும் வரப்போடு சேர்த்து வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவர் கண்ணில் பெயர் படவில்லை என்றால் என்னால் நம்ப முடியவில்லை, ஐயா.

அந்தப் படம் குழுவுக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரை கடந்தது. பிறகு பல நாள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு ஸ்டுடியோவில்தான் எல்லோருடைய பேட்டரியும் சார்ஜ் ஏறியது. கூரை போன கடைகளிலிருந்து கேமராக்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் ஓரிடத்தில் சேர்த்துக் காப்பாற்றினோம். எந்தச் சாலையில் மரம் அறுத்து வழிவிட்டிருக்கிறார்கள், எந்த பங்கில் பெட்ரோல் கிடைக்கிறது என்ற செய்தியெல்லாம் குழுவில்தான் ஓடியது. விழுந்த மரங்களைப் படமெடுத்து, நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கும் விவசாயிகளுக்கு பிரிண்ட் போட்டுத் தந்தோம். ஒருவரும் காசு வாங்கவில்லை. யார் படத்தையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் எடுக்கக் கூடாது. எங்களுக்குள் இருந்த ஏற்பாடு அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் போனால் கோப்புக்குள் பதிந்த பெயர் அழிந்துவிடும் என்பதால்தான் மூலையில் எழுதுகிறோம். அதையும் வெட்டினால் நாங்கள் எங்கே போய் எழுதுவது?

இது புதிதும் இல்லை. பிலிம் காலத்தில் வெள்ளம், விபத்து, தலைவர் வருகை என்று எடுத்ததை ராவோடு ராவாகக் கழுவி, ஈரம் காயாத பிரிண்ட்டைக் கவரில் போட்டு, கடைசி பஸ் கண்டக்டரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பிய தலைமுறை என்னுடையது. மறுநாள் படம் வரும். நிருபர் பெயரும் வரும். கேட்டால் இடம் போதவில்லை என்பார்கள். இரங்கல் செய்திகளில் நீங்கள் போடும் மார்பளவுப் படங்களில் பாதி எங்களைப் போன்ற ஊர் ஸ்டுடியோக்களில் விளக்கு வைத்து எடுத்தவை. அதற்குப் பெயர் கேட்க எங்களுக்கே தோன்றியதில்லை. அப்படிப் பழக்கிவிட்டீர்கள்.

1858-இல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படம் எங்கே வந்தாலும் அவர் பெயரோடுதான் வருகிறது. வர வேண்டியதுதான். அந்த மரியாதை, உங்கள் பத்திரிகை விற்கிற ஊரில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் பையனுக்கு ஏன் இல்லை?

1839-இல் பிரெஞ்சு அரசு ஒளிப்பட முறையை உலகுக்கு இலவசமாகத் தந்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சரிதான். ஆனால் அதற்கு ஈடாக, அந்த முறையைக் கண்டுபிடித்த டாகருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க்கும், அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க்கும் ஆயுள் முழுக்கத் தர அந்த அரசு ஒப்புக்கொண்டது. அந்த முறைக்கு இன்றும் டாகரோடைப் என்றுதான் பெயர். இலவசமாகக் கொடுத்தபோதும் கொடுத்தவரை யாரும் மறைக்கவில்லை.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், படம் எடுத்தவரையே அதன் ஆசிரியர், அதாவது படைப்பாளி என்கிறது. கல்யாணப் படம்போலப் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னதென்றால் உரிமை எடுக்கச் சொன்னவர்களுக்குப் போகலாம். அப்போதும் 'இது நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமை 57-ஆம் பிரிவின்படி எடுத்தவரிடமே இருக்கிறது. நாங்கள் வழக்குக்கு வரப்போவதில்லை. பணமும் கேட்கவில்லை.

அடுத்த வார இணைப்பிதழில், படம் வந்த அதே பக்கத்தில், எடுத்தவர் பெயரைப் போடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் அவர் பெயரை எழுதாததற்குக் காரணம், அது வாசகர் கடிதப் பகுதியின் ஓரத்தில் வந்து முடிந்துவிடக் கூடாது என்பதுதான். மூலை வெட்டப்படாத அசல் கோப்பையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் உங்கள் அலுவலகத்துக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ உரிமையாளர்,
பட்டுக்கோட்டை.