எழுபது வயதில் 'கிரேடு 1' என்றால் பயப்பட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த இதழில் முதுமையும் இதயமும் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். உப்பு, நடை, ரத்த அழுத்தம் என்று சொல்ல வேண்டியதையெல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் அறுபதைத் தாண்டியவர்கள் ஒரு முறை எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே வரியோடு நிறுத்திவிட்டார்கள். எடுத்த பிறகு கையில் வரும் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று ஒரு வார்த்தை இல்லை. எக்கோ எடுப்பதுதான் என் தொழில். அந்தத் தாளைப் படித்துவிட்டுத் தூக்கம் தொலைத்தவர்களை அடிக்கடி பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

பயமுறுத்துவது பெரும்பாலும் ஒரே வரிதான்: 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்'. அதற்கு மேல் வரியிலேயே 'ஈ.எஃப். 62 சதவீதம்' என்று இருக்கும். கீழறையில் இருக்கும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகும் பங்குதான் ஈ.எஃப்.; 62 என்றால் பம்பிங் நார்மல். அது யார் கண்ணிலும் படுவதில்லை. 'டிஸ்ஃபங்ஷன்' என்பதைப் பார்த்ததுமே இதயம் கெட்டுப்போய்விட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மாடிப்படி ஏறாதே, தனியாக வெளியே போகாதே என்று தடைகள் ஆரம்பமாகும். நேற்றுவரை ஓடியாடிக்கொண்டிருந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். இதயத்துக்கு அதைவிடக் கெடுதல் எதுவும் இல்லை.

இதயம் சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளுவது ஒரு வேலை. தளர்ந்து அடுத்த ரவுண்டுக்கான ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்வது இன்னொரு வேலை. நோய் நொடி இல்லாமல் வயதாகும் இதயத்தில் முதல் வேலை அநேகமாகக் குறைவதில்லை. எண்பது வயதுக்காரரின் ஈ.எஃப். அவர் பேரனுடையதைப் போலவே இருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கிறோம். வயது கை வைப்பது இரண்டாவது வேலையில். ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக்' என்று வருவது இந்த வேலையைத்தான்; 'டிஸ்ஃபங்ஷன்' என்றால் அதில் குறை.

திரையில் அது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜெல் தடவிய புரோபை இதயத்தின் நுனி தட்டுப்படும் இடத்தில் வைத்து, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வின் இதழ் நுனியில், ரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் டாப்ளரை நிறுத்துவோம். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு மேடுகள் வரும். முதல் மேட்டுக்கு 'ஈ' என்று பெயர்: இடது கீழறை தளர்ந்தவுடன் ரத்தம் தானாகப் பாய்ந்து இறங்குவது. அடுத்தது 'ஏ': மேலறை சுருங்கி மீதியைத் தள்ளிவிடுவது. இருபது வயதில் 'ஈ' ஓங்கி நிற்கும், 'ஏ' அதில் ஏறக்குறைய பாதி இருக்கும். வயது ஏற ஏற முன்னது குட்டையாகும், பின்னது வளரும். அறுபதை ஒட்டி இரண்டும் சமமாக வரும். எழுபதில் பெரும்பாலோருக்கு 'ஏ' முந்திவிடும். இதய நோய் எதுவும் இல்லாதவர்களுக்கும் இப்படித்தான்.

காரணங்கள் தெரிந்தவைதான். தசை நார்களுக்கு இடையே கொலாஜன் என்ற விறைப்பான புரதம் கூடுகிறது. சுருங்கிய தசை தளர வேண்டுமானால் செல்லுக்குள் பரவிய கால்சியம் திரும்ப உள்ளிழுக்கப்பட வேண்டும். அந்த வேகம் குறைகிறது. பெருந்தமனி விறைப்பாவதால் கீழறை கொஞ்சம் கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது, சுவரும் சற்றுத் தடிக்கிறது.

அப்புறம் ஏன் இதற்கு வியாதிப் பெயர்? அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2016இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். ஈ.எஃப். நார்மலாக உள்ளவருக்கு நான்கு அளவுகளைச் சரிபார்க்கச் சொன்னது: மைட்ரல் வால்வின் வளையம் நகரும் வேகம், 'ஈ' வேகத்துக்கும் அதற்கும் உள்ள விகிதம், வலப்பக்க வால்வுக் கசிவின் வேகம், இடது மேலறையின் கொள்ளளவு. இவற்றில் பாதிக்கு மேல் வரம்பு மீறியிருந்தால்தான் டிஸ்ஃபங்ஷன். 'ஈ'யைவிட 'ஏ' உயரமா என்ற கேள்வி அந்த நான்கில் கிடையவே கிடையாது! ஆனாலும் அதை மட்டும் பார்த்துவிட்டு 'கிரேடு 1' போடும் பழக்கம் போகவில்லை. கம்ப்யூட்டரில் அந்த வரி தயாராக இருக்கிறது, ஒரு கிளிக் போதும். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது கை தானாக அங்கே போகிறது. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

'அயோர்ட்டிக் ஸ்க்ளிரோசிஸ்' என்ற வரிக்கும் இதே கதைதான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, பெருந்தமனியின் வாயிலில் உள்ள அயோர்ட்டிக் வால்வு கொஞ்சம் தடித்திருக்கும். அடைப்பு என்று சொல்லும் அளவுக்குப் போவது சிலருக்கே. வருடம் ஒரு முறையோ, மருத்துவர் சொன்னபடியோ பார்த்துக்கொண்டால் போதும். 'ட்ரிவியல்' (மிகச் சொற்பம்) என்று எழுதிய வால்வுக் கசிவு இளைஞர்களுக்கே இருக்கும்.

சரி, எல்லாம் வயசுதான் என்று தள்ளிவிடலாமா? அது இன்னும் ஆபத்து. சமதளத்தில் நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியவில்லை என்றால், ஈ.எஃப். 65 இருந்தாலும் இதயச் செயலிழப்பாக இருக்கலாம். மேலறை பெருத்திருப்பதும், நான் சொன்ன விகிதம் 14ஐத் தாண்டுவதும் பொதுவாக வெறும் வயதால் வருவதில்லை. இன்னொன்று: இளமையில் கீழறை நிரம்புவதில் மேலறையின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டாது; முதுமையில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். அதனால்தான் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற துடிப்புக் கோளாறு வந்து மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் போனால் முதியவர்கள் சட்டென்று சோர்ந்துபோகிறார்கள்.

கட்டுரையில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. எந்த வயதில் உடற்பயிற்சி தொடங்கினாலும் இதயம் இளமைக்குத் திரும்பும் என்கிறார்கள். நடப்பது எந்த வயதிலும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் டல்லஸில் நடந்த ஆய்வுகளில், உட்கார்ந்தே பழகிய 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடம் பயிற்சி செய்தும் இதயத்தின் விறைப்பு குறையவில்லை. 45 முதல் 64 வயதுக்காரர்கள் வாரம் நான்கைந்து நாள் வீதம் இரண்டு வருடம் செய்தபோது குறைந்தது. அந்த முடிவு 2018இல் வெளியானது. ஆகவே இந்த அறிவுரை அப்பா அம்மாவைவிட, அவர்களை எக்கோவுக்கு அழைத்து வரும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

எக்கோ மையங்கள் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அந்த வயதுக்கான நார்மல் எல்லையை அச்சிட வேண்டும். ரத்தப் பரிசோதனைத் தாளில் நார்மல் எல்லை இருக்கிறதே, இதில் மட்டும் ஏன் இல்லை? உங்கள் மருத்துவர் பகுதியில் இதயநோய் நிபுணர் ஒருவரைக் கொண்டு ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வரி வரியாக விளக்கச் செய்தால் வாசகர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். எக்கோவுக்கு வருபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள். இன்றைய எண்ணைவிட, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

இப்படிக்கு,
எக்கோ பரிசோதகர் ஒருவர்